ராணுவ வீரரின் மனைவி எந்த மாநிலத்தவர்? இருப்பிடத்தை உறுதிசெய்த என் அனுபவம்

என் கணவர் அமெரிக்கத் தரைப்படையில் பணியாற்றுகிறார். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் குடித்தனம் தொடங்கினோம். பிறகு பணியிட மாற்ற உத்தரவு வந்து, வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகருக்குக் குடிபெயர்ந்தோம். இங்கே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்திலிருந்தே வர்ஜீனியா வருமான வரியைப் பிடித்திருக்கிறார்கள். ஏழு மாதம் கழித்துத்தான் அதைக் கவனித்தேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் கணவரின் சம்பளத்தில் அப்படி எந்தப் பிடித்தமும் இல்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒரே உத்தரவின் பேரில்தான் வந்தோம். அவருக்கு ஒரு கணக்கு, எனக்கு வேறு கணக்கா என்று கேட்டபடி அலைந்தபோது கற்றதை இங்கே எழுதுகிறேன். புதிதாகத் திருமணமாகி வரும் தோழிகளுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சட்டம். ராணுவத்தினருக்கான பாதுகாப்புச் சட்டம் 2003இல் வந்தது. அதில் துணைவருக்கும் இடம் கிடைத்தது 2009 நவம்பரில்தான். அப்போது இருவரும் ஏற்கெனவே ஒரே மாநிலத்தவராக இருந்தாக வேண்டும். 2018 இறுதியில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. 2023 ஜனவரி 5 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, வரிக்காகத் தம்பதியர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: வீரரின் மாநிலம், துணைவரின் மாநிலம், வீரர் நிரந்தரப் பணியில் இருக்கும் மாநிலம். எப்போது திருமணமானது என்பது பொருட்டல்ல. இணையத்தில் உள்ள பல பழைய கட்டுரைகள் இன்னும் 2009ஆம் ஆண்டு விதியையே சொல்கின்றன. அவற்றைப் படித்துவிட்டு ‘நமக்குப் பொருந்தாது’ என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன தேர்வு வரிக்கு மட்டுமே. உயில், சொத்து, விவாகரத்து போன்றவற்றில் நீதிமன்றம் பார்ப்பது வேறு: அந்த மாநிலத்தில் நீங்கள் உண்மையில் வாழ்ந்தீர்களா, அதுவே நம் ஊர் என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா என்பதை. எண்ணத்தைக் கண்ணால் காண முடியாது என்பதால் காகிதங்களைக் கொண்டே எடைபோடுவார்கள்.

படி 1: கணவரின் மாநிலம் எது?

அவருடைய மாதச் சம்பள அறிக்கையை, எல்இஎஸ் என்கிறார்களே அதை, வாங்கிப் பாருங்கள். மாநில வரிப் பகுதியில் இரண்டு எழுத்தில் ஒரு மாநிலம் இருக்கும். அதுதான் அவருடைய சட்டப்படியான இருப்பிடம். படையில் சேர்ந்தபோது பதிவான சொந்த ஊர் என்பது வேறு. பணி முடிந்து திரும்பும்போது பயணச் செலவைக் கணக்கிடத்தான் அது பயன்படும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் படையினரிலேயே பலர் இருக்கிறார்கள். இருப்பிட மாநிலத்தை மாற்ற வீரர் நிரப்புவது டிடி 2058 படிவம்.

படி 2: எந்த மாநிலம் என்று முடிவு செய்தல்

வரி இல்லாத மாநிலம் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். திருமணத்துக்குப் பின் ஈட்டிய சொத்தை இருவருக்கும் பொதுவானதாகக் கருதும் ஒன்பது மாநிலங்களில் டெக்சாஸும் ஒன்று. இது நல்லதா கெட்டதா என்பது உங்கள் குடும்பச் சூழலைப் பொறுத்தது. முடிவெடுக்கும் முன் ராணுவத் தளத்தில் உள்ள சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். கட்டணம் எதுவும் இல்லை. அரை மணி நேரத்தில் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கல்லூரிக் கட்டணத்துக்காக மாநிலத்தை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வீரர் நிரந்தரப் பணியில் இருக்கும் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் அவருடைய துணைவரும் பிள்ளைகளும் உள்ளூர்வாசிகளுக்கான கட்டணமே செலுத்த 2008ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வழிசெய்திருக்கிறது.

படி 3: காகிதங்களைச் சேர்த்தல்

ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, வங்கி ஆவணங்கள், உயில் எல்லாம் ஒரே மாநிலத்தைச் சொல்ல வேண்டும். ஒன்று டெக்சாஸ், இன்னொன்று வர்ஜீனியா என்று சிதறினால், கேள்வி வரும் நாளில் உங்கள் சொல்லுக்கு வலு இருக்காது. நான் சான் அன்டோனியோவில் இருந்தபோதே டெக்சாஸ் உரிமம் எடுத்துவிட்டேன். 33 டாலர் கட்டினேன், எட்டு ஆண்டு செல்லும். அந்த மாநிலத்தில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள். உத்தரவு வந்து பெட்டி கட்டும் வாரத்தில் இதற்கு நேரம் கிடைக்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம்மில் பலர் கிரீன் கார்டில் இருப்பவர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இருப்பிடத்தை நிரூபிக்க வாக்காளராகப் பதிவு செய்யுங்கள் என்று அநேகமாக எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். அது குடிமக்களுக்கான அறிவுரை. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்திலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். வரிசையில் நிற்கும் அவசரத்தில் ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், குடியுரிமை இல்லாதவர் குடிமகள் என்று பொய் சொன்னதாகிவிடும். நாடு கடத்தல் வரை போகக்கூடிய குற்றம் அது. ‘இல்லை’ என்று குறித்துவிட்டு, கையெழுத்திடும் முன் இன்னொரு முறை படியுங்கள். வீடு மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவத்தில் தெரிவிக்க வேண்டியது உண்மையில் குடியிருக்கும் முகவரியை. சட்டப்படியான மாநிலம் டெக்சாஸ் என்றாலும் நான் நியூபோர்ட் நியூஸ் முகவரியைத்தான் கொடுத்தேன். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

படி 4: அலுவலகத்தின் சம்பளப் பிரிவு

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். “இங்கே குடியிருக்கிறீர்கள், இங்கே வேலை செய்கிறீர்கள், வரியும் இங்கேதான்” என்று சம்பளப் பிரிவில் சொன்னார்கள். கணவரின் டிடி 2058 நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதனால் எந்தப் பயனும் இல்லை. அது அவருடைய இருப்பிடத்துக்கான படிவம், துணைவருக்கு அப்படி ஒரு படிவமே கிடையாது. வேறொரு தோழி சொன்னாரென்று டபிள்யூ-4 படிவத்தில் விலக்கு என்று எழுதப் பார்த்தேன். நல்லவேளை, சட்ட உதவி அலுவலகத்தில் தடுத்துவிட்டார்கள். டபிள்யூ-4 மத்திய அரசின் வரிக்கானது. அதைத் தொட்டிருந்தால் ஆண்டு முடிவில் பெரிய தொகை பாக்கியாக நின்றிருக்கும்.

சரியான வழி மாநிலத்தின் சொந்தப் பிடித்தப் படிவம். வர்ஜீனியாவில் அதன் பெயர் விஏ-4. ராணுவத் துணைவர் சட்டத்தின்படி தனக்கு வர்ஜீனியா வரிப் பிடித்தம் பொருந்தாது என்று சான்றளிக்கும் கட்டம் அதில் இருக்கிறது. அதைக் குறித்து, துணைவருக்கான ராணுவ அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும். நான் கணவரின் எல்இஎஸ், பணியிட மாற்ற உத்தரவு ஆகியவற்றின் நகல்களையும் சேர்த்தேன். எல்இஎஸ்ஸில் சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்துவிடுங்கள். வாயால் விளக்குவதைவிட, படிவத்தோடு வரும் வழிகாட்டிப் பக்கத்தை அச்சிட்டு, உரிய பத்தியில் கோடிட்டு மேசையில் வைப்பதே என் வழக்கம். அடுத்த சம்பளத்திலேயே பிடித்தம் நின்றது. இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் புதிய விஏ-4 கொடுத்துவிடுகிறேன்.

படி 5: பிடித்த பணத்தைத் திரும்பப் பெறுதல்

வர்ஜீனியாவில் இதற்கு 763-எஸ் என்ற சிறிய படிவம் இருக்கிறது. வழக்கமான கணக்குத் தாக்கல் போலவே மே 1 கடைசி நாள். டபிள்யூ-2 (அலுவலகம் தரும் ஆண்டுச் சம்பள, வரிப் பிடித்த அறிக்கை), ராணுவ அடையாள அட்டை, டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், எல்இஎஸ் ஆகியவற்றின் நகல்களோடு அனுப்பினேன். ஏழு மாதப் பணமும் திரும்பி வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரு வரி மென்பொருள் என்னை வெளிமாநிலத்தவருக்கான நீண்ட படிவத்துக்கே இழுத்துச் சென்றது. அதைக் கைவிட்டு, ராணுவக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் மில்டாக்ஸ் என்ற வரிச் சேவைக்கு மாறினேன். ராணுவச் சூழலை அறிந்த வரி ஆலோசகரிடம் தொலைபேசியில் பேச முடிவதால் இதைத்தான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

பின்னர் சேர்த்தது: வர்ஜீனியாவில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு வாசகி, வாடகைக்கும் விலக்கு உண்டா என்று கேட்டிருந்தார். கிடையாது. விலக்கு உழைத்து ஈட்டும் வருமானத்துக்கு மட்டும். வாடகைக்கு அந்த வீடு இருக்கும் மாநிலத்தில் வரி கட்டியாக வேண்டும்.

மீண்டும் சேர்த்தது: கார் வரி பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். வர்ஜீனியாவில் ஊர் நிர்வாகங்களே ஆண்டுதோறும் காருக்குச் சொத்து வரி விதிக்கின்றன. கார் இருவர் பெயரில் இருந்தாலும் விலக்குக் கேட்கலாம். எல்இஎஸ்ஸுடன் நகரத்தின் வருவாய் ஆணையர் அலுவலகத்துக்குப் போங்கள். வரி கேட்டு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், குடிவந்த மாதமே போவது நல்லது.

கணவர் படையிலிருந்து விலகினால் இந்தப் பாதுகாப்பும் அதோடு முடிந்துவிடும். அடுத்த உத்தரவில் வேறு மாநிலம் போனால், படி 4ஐ அந்த மாநிலத்துக்குரிய படிவத்தோடு புதிதாகத் தொடங்க வேண்டும். வட கரோலினாவில் அது என்சி-4 ஈஇசட், கலிஃபோர்னியாவில் டிஇ 4.