நியூரோபிளாஸ்டோமா: ஸ்டேஜை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள்

குழந்தைக்கு நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புச் செல் புற்றுநோய் இருப்பது தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, "எத்தனாவது ஸ்டேஜ்?" பெரியவர்களின் புற்றுநோயில் பழகிப்போன கேள்வி. இங்கே அதன் பதில் பாதி விஷயத்தைத்தான் சொல்லும். அட்ரினல் சுரப்பியிலோ முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலோ தோன்றும் இந்தக் கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதே ஸ்டேஜ். சிகிச்சை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதைச் சொல்வது ரிஸ்க் குரூப். வயது, திசுவின் தன்மை, மரபணு மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தால்தான் அது தெரியும்.

பழைய கட்டுரைகளோடு ஒப்பிடுவதும் குழப்பும். முன்பு ஸ்டேஜ் 1 முதல் 4 வரை, கூடவே கைக்குழந்தைகளுக்கான 4எஸ் என்ற தனி வகை. அறுவையில் எவ்வளவு எடுக்க முடிந்தது என்பதும் அதில் கணக்கு. 2009-இல் வெளியான எல்1, எல்2, எம், எம்எஸ் முறை அறுவைக்கு முந்தைய ஸ்கேனைப் பார்க்கிறது. ஓரிடத்தில் மட்டும் இருந்து முக்கிய உறுப்புகளைச் சூழாத கட்டி எல்1. பெருந்தமனியைச் சுற்றி வளைத்திருந்தால் எல்2. தொலைவான இடங்களுக்குப் பரவியிருந்தால் எம், அதில் கைக்குழந்தைகளுக்கான தனி வகை எம்எஸ். ஆகவே பழைய 1-ம் இன்றைய எல்1-ம் ஒன்றல்ல.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது எம்எஸ். 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தோல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை இவற்றில் மட்டும் பரவல். மஜ்ஜையிலும் 10 சதவீதத்துக்குக் குறைவு. 'பரவிவிட்டதே' என்று இடிந்துபோகிறார்கள். பல குழந்தைகளுக்கு இது தானாகவே சுருங்கிவிடும். அதே எம்எஸ்ஸில், கட்டியை வேகமாக வளரவைக்கும் எம்ஒய்சிஎன் (MYCN) மரபணு பெருகியிருந்தால் உயர் ரிஸ்க். 'தானே போய்விடும்' என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. பச்சிளம் குழந்தைக்குக் கல்லீரல் வீங்கி மேலே அழுத்தினால் மூச்சுத் திணறும். அப்போது காத்திருக்க முடியாது.

பரிசோதனையில் சறுக்கினால் வகைப்பாடே மாறும். மஜ்ஜையில் நோய் திட்டுத்திட்டாக இருப்பதால் இடுப்பெலும்பின் இரு பக்கமும் மாதிரி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் சுத்தமாக இருப்பது போதாது. பயாப்சித் திசு முழுவதையும் ஃபார்மலினில் போடாமல், மரபணுச் சோதனைக்கு ஒரு பகுதியை உறையவைப்பது நல்லது.

கட்டி ஈர்த்துக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பது எம்ஐபிஜி (MIBG) ஸ்கேன். அதைக் கெடுக்க ஒரு சளி சிரப் போதும். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின், எம்ஐபிஜி மருந்தைக் கட்டி ஈர்ப்பதைக் குறைக்கும். நோய் இருந்தும் படம் வெறுமையாக வரலாம். சுமார் பத்தில் ஒரு கட்டி இயல்பாகவே ஈர்க்காது. அதற்கு பெட் (PET) ஸ்கேன். ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே குழந்தை சாப்பிடும் எல்லா மருந்துகளையும் அணு மருத்துவப் பிரிவில் காட்டிவிடுங்கள். லபெடலால் போன்ற ரத்த அழுத்த மருந்தும் தடையாகும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது, மாற்றாக எதைத் தருவது என்று மருத்துவர் சொல்வார்.