கோயிலுக்கும் போங்கள், ஜி.பி.யிடமும் பதிவு செய்யுங்கள்

இங்கிலாந்துக்கு வந்தவுடன் வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று ஓடத் தொடங்கிவிடுகிறோம். உடல்நலம் கெட்ட பிறகுதான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திகைக்கிறோம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், தமிழ்ச் சங்கம் என எதுவாக இருந்தாலும், உங்களுக்கு நெருக்கமான ஓரிடத்தில் முன்கூட்டியே அறிமுகமாகிக்கொள்ளுங்கள். படிவம் நிரப்பவும் மருத்துவமனைக்கு வழி காட்டவும் அங்கே ஆள் கிடைப்பார்கள்.

அதோடு உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் கிடையாது. முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. வரவேற்பாளர் மறுத்தால், விவரம் தெரிந்த தொண்டர் ஒருவரை அழைத்துக்கொண்டு மறுபடியும் போங்கள்.

ஆனால் அவரையே மருத்துவர் முன் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகளையும் வேண்டாம். மாதவிடாய்க் கோளாறையோ வீட்டில் வாங்கும் அடியையோ பத்து வயது மகளை அருகில் வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படிச் சொல்வார்? நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் பணம் கேட்கக் கூடாது.

கோயில் மண்டபத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம் நடந்தால் தாண்டிப் போகாதீர்கள். தெற்காசியர்களான நமக்கு நீரிழிவு இளவயதிலேயே, உடல் எடை அதிகம் இல்லாதபோதும் வருகிறது. உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டில் (பி.எம்.ஐ.) மற்றவர்களுக்கு 25 என்றால் நமக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. முகாமில் தரும் சீட்டைப் பையில் மடித்து வைத்துவிடாமல் ஜி.பி.யிடம் காட்டுங்கள். பிரார்த்தனை போதும், மாத்திரையை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

கையில் பணமில்லாத வாரங்களும் வரலாம். சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவில் தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் சாப்பாடு கிடைக்கும். மதம் எது என்று கேட்க மாட்டார்கள். தேவாலயங்களில் நடக்கும் உணவு வங்கிகளும் எல்லோருக்கும் பொதுவானவை. பலவற்றுக்குப் பரிந்துரைச் சீட்டு வேண்டும், ஜி.பி., பள்ளி, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு ஆகிய இடங்களில் கேட்டுப் பாருங்கள்.

மனம் உடைந்திருப்பதைத் தெரிந்தவர்களிடம் சொல்லப் பலருக்கும் தயக்கம். ஊர் பேசும் என்ற பயம் நியாயமானதே. அப்படிப்பட்டவர்கள் மனக்கவலையைக் காதுகொடுத்துக் கேட்கும் சமாரிட்டன்ஸ் தொண்டர்களை 116 123 என்ற எண்ணில் அழைக்கலாம். 1953-இல் ஒரு பாதிரியார் தொடங்கிய இந்த அமைப்பு இன்று மதம் சாராதது. இரவும் பகலும் இலவசம், பெயர் சொல்லவும் வேண்டாம். ஆங்கிலத்தில் தடுமாறினாலும் பரவாயில்லை, அழையுங்கள். மன நெருக்கடி முற்றினால் அரசு மருத்துவ உதவி எண்ணான 111-ஐ அழைத்து 2-ஐ அழுத்துங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவசர உதவி எண் 999.

பெற்றோர் உடன் இருந்தால் அவர்களின் தனிமையையும் கவனியுங்கள். பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் இருப்பதும் ஆளைப் படுக்க வைத்துவிடும். மருந்து எழுதுவதைப் போலவே நடைக்குழு, முதியோர் சந்திப்பு, தோட்டவேலைக் குழு போன்றவற்றில் சேர்த்துவிடும் சோஷியல் பிரிஸ்கிரைபிங் பணியாளர்கள் ஜி.பி. நிலையங்களோடு இணைந்து வேலை செய்கிறார்கள். வரவேற்பு மேசையில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.