பாறைப் பனியாறு: ஏமாற்றும் அடையாளங்கள்

கற்களும் பனிக்கட்டியும் கலந்து மலைச்சரிவில் மெல்ல நகரும் குவியலைத்தான் பாறைப் பனியாறு என்கிறோம். சரிவில் நாக்கு நீட்டியதுபோல வழிந்து கிடக்கும் கற்குவியலைப் பார்த்ததும், உள்ளே பனிக்கட்டி இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பனிக்கட்டி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் அந்த வடிவம் அப்படியே கிடக்கும். ஆஸ்திரியாவின் நீடரே டவர்ன் மலைகளில் இப்படிச் செத்துப்போன பாறைப் பனியாறுகள் ஏராளம். வடிவத்தை விட்டுவிட்டு முன்முகத்தை, அதாவது கீழ்நுனிச் சரிவைப் பாருங்கள். நகர்ந்துகொண்டிருப்பதன் முன்முகம் செங்குத்தாக நிற்கும். புதிதாக வெளிப்பட்ட வெளிர்நிறப் பொடிக்கற்கள் காலை வைத்தால் சரியும். செத்ததில் சரிவு மழுங்கி, மேற்பரப்பு குழிவிழுந்து, கற்களில் கல்பாசி படர்ந்திருக்கும் (பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்த வகையறாதான்). அடிவாரத்தில் ஊற்று இருந்தால் கோடைக் கடைசியில் ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 1 டிகிரியை ஒட்டி இருந்தால் மேலே பனிக்கட்டி இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்த தவறு, நிலம் உறைந்திருக்கிறதா என்று காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரிக்கு மேல் போகாத நிலத்தைத்தான் உறைநிலம் (பெர்மாஃப்ராஸ்ட்) என்கிறோம். சராசரி 5 டிகிரி இருக்கும் ஊரில் அதற்கு இடமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில், க்ரூ டு வான் பாறைச்சுவரின் அடியில், வெறும் 1200 மீட்டர் உயரத்தில் அது இருக்கிறது. அங்கே குவிந்திருக்கும் கற்களின் இடுக்குகளில் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பு. அது மேலே ஏறி உச்சியில் வெளியேற, அடிப்பகுதி வெளியிலிருந்து கடுங்குளிரை உறிஞ்சுகிறது. கோடையில் ஓட்டம் தலைகீழாகி, குளிர்ந்த காற்று அடியில் வடிகிறது. அதனால்தான் அடிப்பகுதியில் ஸ்ப்ரூஸ் மரங்கள் குட்டையாகக் குன்றி நிற்கின்றன. அதே சரிவின் உச்சியில் மட்டும் அளந்தவர் இங்கே உறைநிலமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

பனிக்கு அடியில் வெப்பநிலையை அளக்கும் பழைய முறையையும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். குளிர்காலக் கடைசியில், 80 சென்டிமீட்டருக்குக் குறையாத பனிப்போர்வையின் அடியில் வெப்பநிலை மைனஸ் 3 டிகிரிக்கும் கீழே இருந்தால் உறைநிலம் இருக்கலாம், மைனஸ் 2-க்கு மேல் இருந்தால் இல்லை என்பது அதன் விதி. பனி தாமதமாக விழுந்த ஆண்டில் நிலம் கூடுதலாகக் குளிர்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே ஒரு குளிர்காலத்து அளவை நம்ப வேண்டாம்.

நிலம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவை மட்டும் நம்புவதும் சிக்கல்தான். பனிக்கட்டியும் சரி, கற்களுக்கு நடுவே உள்ள வெற்றுக்காற்றும் சரி, மின்சாரத்தை எளிதில் விடாது. கூடவே நில அதிர்வு அலையையும் அனுப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: பனிக்கட்டியில் வினாடிக்குச் சுமார் 3500 மீட்டர், காற்றில் 330 தான்.

அப்புறம், ஆழ்துளையில் வெப்பநிலை 0-ஐ ஒட்டி வருடக்கணக்கில் அசையாமல் நின்றால் ‘மாற்றமில்லை’ என்று எழுதிவிடாதீர்கள். வருகிற வெப்பம் முழுவதும் பனிக்கட்டியை உருக்கவே செலவாகிக்கொண்டிருக்கலாம்.

பாறைப் பனியாற்றின் வேகம் கூடுவதையும் ஆரோக்கியத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 0-ஐ நெருங்கும் பனிக்கட்டி இளகுகிறது, இடையே நீர் புகுகிறது, முதலில் நகர்வு வேகமெடுக்கிறது. பிரெஞ்சு ஆல்ப்ஸின் தென்பகுதியில் இருந்த பெரார் பாறைப் பனியாறு 2006 கோடையில் இடிந்தே விழுந்தது. இப்படிப்பட்ட சரிவில் ரோப்கார் தூண் நட நினைப்பவர்கள் ஒரு வருட வேகத்தோடு நின்றுவிடாமல், பல வருட அளவுகளை வரிசையாகக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.