பிளாட்ஃபார்மா, ஃபிளாட்ஃபார்மா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலணி வடிவமைப்பு கற்றுக்கொள்ள வருபவர்களின் குறிப்புத்தாள்களைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. தடித்த அடி வைத்த காலணி என்று வந்துவிட்டால் பலரும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அங்கேதான் தடுமாறினேன். சைஸ் எண்ணை மாற்றி எழுதுவது, நிறத்தை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. யாராவது பார்த்துச் சொன்னதும் அவை சரியாகிவிடும்.

முதலில் வித்தியாசம். பிளாட்ஃபார்மில் முன்பாதத்துக்குக் கீழே சோல் தடிமனாக இருக்கும், குதிகால் பக்கம் அதைவிட உயரமாக இருக்கும். முன்னால் 3 செ.மீ., பின்னால் 10 செ.மீ. என்பது போல. ஃபிளாட்ஃபார்மில் விரல்முனையிலிருந்து குதிகால் வரை ஏறக்குறைய ஒரே தடிமன். முன்னால் 4 என்றால் பின்னால் 4 அல்லது 5. தட்டை என்று பொருள்படும் ஃபிளாட்டைப் பிளாட்ஃபார்மோடு ஒட்டிச் செய்த சொல் அது. பொதுப் பேச்சில் இரண்டையுமே பிளாட்ஃபார்ம் என்று சொல்பவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அதனால் நஷ்டமில்லை. செய்கிறவருக்கு உண்டு.

மொத்த உயரத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது

6 செ.மீ. ஃபிளாட்ஃபார்மும் இருக்கிறது, 5 செ.மீ. பிளாட்ஃபார்மும் இருக்கிறது. காலணியைப் பக்கவாட்டில் வைத்து, முன்னும் பின்னும் அளந்த பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

ஆய்தத்தை விழுங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

தமிழில் இந்த இரண்டு சொற்களையும் எழுதிப் பாருங்கள். பிளாட்ஃபார்ம், ஃபிளாட்ஃபார்ம். முதலில் நிற்கும் ஒரு ஃ மட்டும்தான் வேறுபாடு. இப்போது ஆய்தத்தை எடுத்துவிட்டால் இரண்டுமே 'பிளாட்பார்ம்' ஆகிவிடும். ஒரே சொல்! சொல்லின் முதலில் ஆய்தம் வராது என்பது பழைய இலக்கணம். எஃகு, அஃது என்பவற்றில் போல, குறிலுக்கும் வல்லின உயிர்மெய்க்கும் நடுவில்தான் அதற்கு இடம். அதனால் நல்ல தமிழ் எழுத வேண்டும் என்று அக்கறைப்படுபவர்கள்கூட முதலில் வரும் ஃ-ஐ நீக்கிவிடுகிறார்கள். அவசரத்தில் எழுதுபவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் அவசரத்தில் எழுதியவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வேலைக்கு நான் கொடுத்த தாளில் 'பிளாட்பார்ம், 5 செ.மீ.' என்று மட்டும் இருந்தது. என் மனதில் இருந்தது ஃபிளாட்ஃபார்ம். சோல் செய்பவருக்குப் படமும் போயிருந்ததால் அவர் சரியாக, ஒரே தடிமனில் செய்துவிட்டார். அப்பரை, அதாவது காலணியின் மேல்பகுதித் தோலை, லாஸ்டில் இழுத்து ஒட்டுபவர்களிடம் தாள் மட்டும்தான் போனது. அவர்கள் 5 செ.மீ. ஹீல் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற லாஸ்டைப் போட்டார்கள். நாற்பது ஜோடி.

லாஸ்ட் என்பது காலின் வடிவில் இருக்கும் அச்சு. ஒவ்வொரு லாஸ்டும் ஒரு குறிப்பிட்ட குதிகால் ஏற்றத்துக்காகவே செய்யப்படுகிறது. அந்த ஏற்றம் காலணியின் மொத்த உயரத்தைக் குறிப்பதில்லை. பின் உயரத்தில் முன் உயரத்தைக் கழித்தால் வருவதுதான் ஏற்றம். முன் 3, பின் 10 என்றால் 7 செ.மீ. லாஸ்ட் வேண்டும். முன் 5, பின் 5 என்றால் ஏற்றமே கிடையாது, தட்டை லாஸ்ட் வேண்டும். என் நாற்பது ஜோடியில் அப்பரின் குதிகாலைச் சோலில் உட்கார வைத்தால் விரல்முனை மேலே தூக்கியது. முன்பக்கத்தை அழுத்தினால் குதிகால் அந்தரத்தில் நின்றது. லாஸ்டில் இழுத்து இறுகிய தோல் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரித்து மறுபடி பயன்படுத்தவும் முடியவில்லை.

அதன்பிறகு பெயரை மட்டும் நம்பி நான் எதையும் அனுப்பியதில்லை. 'முன் 5, பின் 5, ஏற்றம் 0' என்று மூன்று எண்களையும் எழுதுவேன். அப்புறம் யார் ஆய்தத்தை விட்டாலும் கவலையில்லை. நீங்களும் இப்படியே எழுதுங்கள். போன வாரம்கூட ஒரு மாணவி அழகான படம் வரைந்து, கீழே 'பிளாட்பார்ம் 6' என்று எழுதிக் கொண்டுவந்தார். படம் தாளோடு கடைசிவரை போகும் என்று நம்பாதீர்கள், அது வழியில் பிரிந்துவிடும்.

வெட்ஜை மூன்றாவது வகையாக எண்ணுவது

வெட்ஜ் என்பது ஹீலின் வடிவத்தைச் சொல்லும் சொல். ஹீலுக்கும் முன்பக்கத்துக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் நிரம்பியிருந்தால் வெட்ஜ். முன்பக்கத் தடிமனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இத்தாலியக் காலணி வடிவமைப்பாளர் சால்வடோர் ஃபெராகாமோ 1938-இல் நடிகை ஜூடி கார்லண்டுக்காகச் செய்த வானவில் செருப்பைப் பாருங்கள். வண்ணத் தோல் சுற்றிய கார்க் அடுக்குகள், முன்னும் தடிமன், பின்னால் இன்னும் உயரம். அது பிளாட்ஃபார்ம். அப்படிப்பட்ட செருப்பில் நடுவிலும் இடைவெளி இல்லையென்றால் அது பிளாட்ஃபார்ம், அதுவே வெட்ஜும்.

தட்டையாக இருப்பதால் பத்திரம் என்று எழுதுவது

விற்பனைக் குறிப்பு எழுதுபவர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள். குதிகால் ஏறாததால் முன்பாதத்தில் பாரம் குவியாது என்பது உண்மைதான். ஆனால் கால் தரையிலிருந்து 5 செ.மீ. மேலே நிற்கிறது, தரையின் மேடுபள்ளம் பாதத்துக்குத் தெரிவதில்லை, கணுக்கால் பிசகினால் வேகமாகப் பிசகும். தடித்த சோல் விரல்மூட்டில் வளையவும் செய்யாது. அதனால் விரல்முனைக்குக் கீழே சோலைச் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்ய வேண்டும், அப்போதுதான் காலை உருட்டி நடக்க முடியும். இரண்டு வகையையுமே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள். பெடல் எவ்வளவு அழுந்துகிறது என்பது தெரியாது.

பழைய காலணிகளுக்கெல்லாம் ஒரே பெயர்

வெனிஸில் 15 முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை பெண்கள் அணிந்த சோப்பீன் என்னும் உயர்ந்த அடி வைத்த காலணிகளை ஹை ஹீல்ஸின் பாட்டி என்று எழுதிவிடுகிறார்கள். அவற்றில் பலவும் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சம உயரத்தில் நிற்பவை. உறவு சொல்வதென்றால் ஃபிளாட்ஃபார்மோடு சொல்லுங்கள்.

'உயரச் செருப்பு' என்று மொழிபெயர்ப்பது

வேண்டாம். எந்தப் பக்கம் உயரம் என்று அதில் இல்லை.