பைராலிசிஸ் எண்ணெயைக் கிராக்கருக்கு அனுப்பும் முன்: அட்சார்பென்ட் படுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிளாஸ்டிக்கைக் காற்றுப் படாமல் சூடாக்கி எடுக்கும் பைராலிசிஸ் எண்ணெயை நாஃப்தாவோடு (கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த லேசான எண்ணெய்) கலந்து, நீராவியோடு சூடாக்கி மூலக்கூறுகளை உடைக்கும் ஸ்டீம் கிராக்கரில் விட்டால், மறுபடி எத்திலீனும் புரோப்பிலீனும் எடுக்கலாம். ஆனால் அது நாஃப்தா போலச் சாதுவான எண்ணெய் இல்லை. பிவிசியிலிருந்து குளோரின், நைலானிலிருந்து நைட்ரஜன், பெட் பாட்டிலிலிருந்து ஆக்சிஜன் சேர்மங்கள், அழுக்கோடு வந்த சோடியம், இரும்பு, சிலிக்கான் எல்லாம் அதில் இருக்கும். போதாததற்கு டையீன்கள், அதாவது இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள். சூடு பட்டதும் இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாகும். கிராக்கரின் ஃபர்னஸில் எண்ணெய் ஆவியாகும் கன்வெக்‌ஷன் குழாயிலேயே படியும். அதைத் தாண்டிப் போனால் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் காயிலில் (எண்ணெய் உடையும் குழாய்) கோக்காக, அதாவது கெட்டிக் கரியாக, மாறும். காயிலில் படிந்த கோக்கை நீராவியும் காற்றும் விட்டு எரித்து எடுத்துவிடலாம். கன்வெக்‌ஷன் குழாயில் அந்தச் சூடு கிடையாது, அங்கே படிந்தது சுலபத்தில் போகாது. இந்தப் படிவைக் குறைக்கத்தான் எண்ணெயை அட்சார்பென்ட் படுகைகள் வழியாக, அதாவது அழுக்கைத் தன் மேல் ஒட்டவைத்துப் பிடிக்கும் களிமண், கார்பன், சியோலைட் (நுண்துளைக் கனிமம்) வழியாக ஓட்டுகிறோம்.

முதல் தவறு, நிறத்தைப் பார்த்து நம்பிவிடுவது. நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் காபி நிறத்தில் இருந்த எண்ணெயைக் களிமண் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டோம். கீழே இளந்தேன் நிறத்தில் சொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். ரிப்போர்ட் வந்தபோது நைட்ரஜன் நன்றாக இறங்கியிருந்தது, குளோரின் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. களிமண்ணின் அமிலத்தன்மை நைட்ரஜன் காரங்களைப் பிடித்து இழுக்கும்; கரிமக் குளோரைடுக்கு அந்த ஒட்டுதல் இல்லை. அதைவிட, சொட்டிய எண்ணெயைப் பிடித்து வைத்த குப்பிதான் எனக்குப் பாடம் சொன்னது. மூடியைச் சரியாக மூடாமல் ஒரு வாரம் மேஜையில் வைத்திருந்தோம். அடியில் கோந்து மாதிரி ஒரு படலம். காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. எண்ணெயில் இருக்கும் சில ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் காவலாளிகள். களிமண் அவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டது, டையீன்களை விட்டுவிட்டது. ஆகவே படுகையிலிருந்து வெளியே வரும் எண்ணெயை உடனே கிராக்கருக்கு அனுப்புங்கள். தொட்டியில் வைத்தே ஆக வேண்டுமென்றால் மேலே நைட்ரஜன் போர்வை வேண்டும், தடுப்பான் மருந்தும் புதிதாகக் கலக்க வேண்டும்.

அடுத்தது அயோடின் எண்ணை மட்டும் நம்புவது. ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கும் என்ற அளவு அது. கார்பன் வாங்கும்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறோம். கொங்குப் பக்கம் கொட்டாங்குச்சிக் கார்பன் நல்ல தரத்தில் கிடைக்கிறது, அதன் அயோடின் எண்ணும் உயர்வுதான். ஆனால் அந்த எண் காட்டுவது 2 நானோமீட்டருக்குக் குறைவான நுண்துளைகளை. குடிநீருக்கும் வாயுவுக்கும் அது பிரமாதம். பிசினுக்கு வித்தாகும் பெரிய மூலக்கூறுகளால் அந்த வாசலுக்குள் நுழையவே முடியாது. அவற்றுக்குத் துளை அகன்ற மரக் கார்பனோ நிலக்கரிக் கார்பனோதான் ஏற்றது. அதைக் காட்டும் அளவீடு மொலாசஸ் எண். சப்ளையரிடம் அதையும் கேளுங்கள்.

தண்ணீரைப் பிரிக்காமல் எண்ணெயை 13எக்ஸ் சியோலைட்டில் விடுவது மூன்றாவது தவறு. முதல் பந்தியில் தண்ணீரே எல்லா இலையிலும் உட்கார்ந்துவிடும். நைட்ரஜன், ஆக்சிஜன் சேர்மங்களுக்கு இடமிருக்காது. கரித்தூளையும் மெழுகையும் வடிகட்டாமல் விட்டால் படுகையின் மேல் நாலு விரல் உயரத்திலேயே அடைத்துக்கொண்டு அழுத்தம் ஏறும்.

'மூன்று மாதம் ஓடும்' என்று காலண்டரைப் பார்த்துப் படுகையை மாற்றுவதும் வேண்டாம். பிளாஸ்டிக் கழிவு லோடுக்கு லோடு மாறும், எண்ணெயும் அப்படியே. இன்னொன்றும் நடக்கும். முதலில் பிடிபட்ட பலவீனமான மூலக்கூறை, பின்னால் வரும் வலுவானது தள்ளிவிட்டு உட்காரும். அந்த நேரத்தில் உள்ளே போவதைவிட வெளியே வரும் அழுக்கு அதிகமாக இருக்கும். இரண்டு கலன்களைத் தொடராக வைத்து, நடுவில் மாதிரி எடுக்கும் குழாய் வையுங்கள். முதல் கலன் கசிய ஆரம்பித்தால் இரண்டாவது தாங்கிக்கொள்ளும்.

அமிலக் களிமண்ணைச் சூடாக ஓட்டக் கூடாது. டையீன்களும் ஒலிஃபின்களும் (ஒரு இரட்டைப் பிணைப்புள்ளவை) அதன் மேலேயே சங்கிலியாகி, வெப்பம் கிளம்பி, படுகையே பாறையாகும். குழாயில் வர வேண்டாம் என்று நினைத்தது கலனுக்குள் வந்துவிடும். ஒலிஃபின், டையீன், கரிமக் குளோரின் மூன்றும் அதிகமென்றால் அது, ஹைட்ரஜனும் வினையூக்கியும் கொண்டு சுத்தம் செய்யும் ஹைட்ரோட்ரீட்டர் செய்ய வேண்டிய வேலை. படுகையை அதற்கு முன்னும் பின்னும் துணையாக வைக்கலாம், மாற்றாக வைக்க முடியாது.

கந்தகத்தை முழுக்கத் துடைத்துவிட்டோம் என்று மகிழ்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. காயில் உலோகத்தின் மேல் மெல்லிய சல்ஃபைடு படலம் இருந்தால்தான் நிக்கல், இரும்பின் வினையூக்கிச் சேட்டை அடங்கும். இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஏறும். அதனால்தான் கந்தகமில்லாத ஃபீடில் (கிராக்கருக்குப் போகும் எண்ணெயில்) டைமெத்தில் டைசல்ஃபைடைத் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள். எண்ணெய் மாறும்போது அந்த அளவையும் மாற்ற வேண்டும்.

கடைசியாக, பயன்படுத்திய கார்பனை அள்ளும் வேலை. ஈரமான கார்பன் கலனுக்குள் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். வாசனையும் வராது, தலைசுற்றும் முன்பே ஆள் விழுந்துவிடுவார். கூடவே எண்ணெய் ஊறிய கார்பன் காற்றுப் பட்டால் தானாகவே சூடேறும். நைட்ரஜனால் நன்றாக ஊதி ஆறவிட்டு, பிறகு காற்று செலுத்தி, ஆக்சிஜன் மீட்டரை உள்ளே இறக்கி 20.9 சதவீதம் காட்டுகிறதா என்று பார்த்து, வாசலில் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்திய பிறகுதான் யாரையும் உள்ளே இறக்க வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை அந்த ஆள் வாசலை விட்டு நகரக் கூடாது.