பன்னாட்டு பூல் சாம்பியன்ஷிப்புக்குத் தகுதி பெறுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேசைமேல் உள்ள பந்துகளைக் கோலால் அடித்துக் குழிகளில் வீழ்த்தும் பூல் ஆட்டத்தில் நன்கு தேர்ந்து, தம் வட்டாரப் போட்டிகளில் தொடர்ந்து வென்றுவரும் ஒருவர், பன்னாட்டு சாம்பியன்ஷிப்பின் ஆட்டக்காரர் பட்டியலில் தம் பெயர் இல்லாததைக் கண்டு திகைத்து நிற்பது அரிதன்று. அவரிடம் பலமுறை தோற்றவரின் பெயர் அதே பட்டியலில் இருப்பதும் உண்டு. இதற்குக் காரணம் பெரும்பாலும் மேசையில் இழைத்த பிழையாக இருப்பதில்லை. அந்தப் போட்டிக்குள் நுழையும் வழிகள் எவை, அவற்றுள் தமக்குரியது எது என்பதை உரிய காலத்தில் அவர் அறிந்துகொள்ளாததே காரணமாக இருக்கிறது. உழைத்துச் சேர்த்த திறமை இப்படி வீணாவது வருத்தத்துக்குரியது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது என்பதால் அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

முதல் தவறு, ‘உலக சாம்பியன்ஷிப்’ என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அதை நடத்துபவர் யார், அங்கீகரித்த அமைப்பு எது என்று கேளாமல் விடுவது. பூல் என்பது ஒரே ஆட்டம் அன்று. ஒன்பதடி மேசையில் 57.15 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்துகளைக் கொண்டு ஆடப்படும் நைன்-பால், டென்-பால், எய்ட்-பால் ஆகியவை உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகளின்படி நடப்பவை. ஏழடி மேசையில் அவற்றைவிடச் சிறிய பந்துகளோடு ஆடப்படும் பிரிட்டிஷ் பாணி ஆட்டத்துக்கு வேறு கூட்டமைப்புகளும் வேறு உலகப் போட்டிகளும் இருக்கின்றன. அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் தன் லீக் உறுப்பினர்களுக்காக லாஸ் வேகாஸில் நடத்தும் உலகப் போட்டிகள் மற்றொரு வகை. இவற்றுள் ஒன்றில் பெற்ற தகுதி மற்றொன்றில் செல்லாது. ஒரே ஆட்டத்துக்குள்ளும் குழப்பம் நேர்ந்ததுண்டு. 1999-ஆம் ஆண்டில் நைன்-பாலுக்கு இரண்டு உலகப் போட்டிகள் தனித்தனியே நடந்தன. வேல்ஸின் கார்டிஃப் நகரில் எஃப்ரன் ரேயஸும் ஸ்பெயினின் அலிகாந்தேயில் நிக் வார்னரும் பட்டம் வென்றனர்.

அண்மை ஆண்டுகளிலும் போட்டி நடத்தும் நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இடையே அங்கீகாரம் குறித்த பிணக்குகள் எழுந்திருக்கின்றன. அங்கீகாரம் பெறாத போட்டியில் ஆடியதற்காக ஒருவர் தம் கூட்டமைப்பின் நடவடிக்கைக்கு உள்ளாகலாம் என்பதால், நுழைவுக் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே தம் நாட்டுச் சங்கத்திடம் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நல்லது.

இரண்டாவது தவறு, ஒரே ஒரு வழியை நம்பியிருப்பது. பொதுவாக ஒரு பெரிய போட்டியின் இடங்கள் நான்கு வகையாகப் பங்கிடப்படுகின்றன: உலகத் தரவரிசையில் முன்னிலையில் இருப்போருக்கு உரியவை, கண்டக் கூட்டமைப்புகளின் வழியே நாடுகளுக்குச் செல்பவை, திறந்த தகுதிச்சுற்றுகளில் வென்று பெறுபவை, போட்டி நடத்துபவர் நேரடியாக அழைத்துத் தருபவை. ஆசியா, ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஓசியானியா என ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே கூட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் பங்கை எப்படி நிரப்புவது என்பதைத் தானே முடிவு செய்கிறது. ஒரு நாட்டில் தேசிய சாம்பியனுக்கே அந்த இடம் போகும். மற்றொரு நாட்டில் ஆண்டு முழுவதும் சேர்ந்த புள்ளிகளைப் பார்ப்பார்கள். வேறோரிடத்தில் தனியாகத் தேர்வுப் போட்டி நடக்கும். தம் நாட்டில் எந்த முறை நடப்பில் உள்ளது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே அறியாதவர், உலகப் போட்டி அறிவிக்கப்பட்ட பிறகு விசாரிக்கும்போது, தேர்வு முடிந்து பல மாதங்கள் ஆகியிருக்கும். சங்க உறுப்பினராகப் பதிவு செய்யாதவரோ பதிவைப் புதுப்பிக்க மறந்தவரோ எத்தனை போட்டிகளில் வென்றிருந்தாலும் அந்தப் புள்ளிகள் கணக்கில் சேராமல் போகக்கூடும்.

தரவரிசையை நம்புவோர் செய்யும் பிழை வேறு. தரவரிசை அவ்வப்போது மாறுவது. ஆனால் தகுதிக்காகப் பார்க்கப்படுவது ஒரு குறிப்பிட்ட நாளின் நிலை மட்டுமே. அந்த நாளுக்கு மறுநாள் பெற்ற பெரிய வெற்றிகூட அந்த ஆண்டுக்கு உதவாது. பழைய புள்ளிகள் காலாவதியாகும் முறை இருந்தால், போட்டி எதிலும் தோற்காமலேயே ஒருவர் சில இடங்கள் கீழே இறங்கிவிடலாம். ஆகவே, தம்மிடம் உள்ள புள்ளிகளுள் எவை எந்த மாதத்தில் கழியும் என்று குறித்து வைத்திருப்பவரே எந்தப் போட்டிக்குப் பயணம் செய்வது என்று சரியாக முடிவெடுக்க முடியும்.

இனித் திறந்த தகுதிச்சுற்று. அதிகமான ஏமாற்றம் விளைவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 32 பேர் கலந்துகொண்டு, ஒருமுறை தோற்றால் வெளியேறும் முறையில் நடந்து, வெற்றியாளருக்கு மட்டும் இடம் தரும் சுற்றில், தகுதி பெற அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களில் வெல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு எழுபது வாய்ப்பு உள்ள வலிமையான ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆட்டங்களிலும் அவர் வெல்வதற்கான வாய்ப்பு 17 விழுக்காடுதான். 64 பேர் வந்துவிட்டால் அது 12 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். இதை உணராமல் ஒரே ஒரு தகுதிச்சுற்றுக்குச் சென்று, தோற்றுத் திரும்பி, தம் ஆட்டமே குறைபட்டது என்று மனம் உடைந்து, பிரேக் எனும் தொடக்க அடியின் முறையிலிருந்து கியூ எனும் ஆட்டக்கோல் வரை எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வோர் இருக்கிறார்கள். அவர்கள் மாற்ற வேண்டியிருந்தது திட்டத்தை மட்டுமே. விதி இடம் தந்தால், ஒரே சாம்பியன்ஷிப்புக்கான இரண்டு மூன்று தகுதிச்சுற்றுகளில் கலந்துகொள்ளும்படி நாட்களையும் பணத்தையும் முன்பே ஒதுக்கி வைப்பதே முறை.

ஆட்டத்தின் நீளமும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததே. ஆட்டக்காரரின் திறனை எண்ணால் குறிக்க, பல நாடுகளில் பயன்படும் ஃபார்கோ மதிப்பீட்டில், இருவருக்கிடையே 100 புள்ளி வேறுபாடு இருந்தால், உயர்ந்தவர் ஒவ்வொரு மூன்று ரேக்குகளிலும் (பந்துகளை அடுக்கித் தொடங்கும் தனிச் சுற்றுகள்) இரண்டை வெல்வார் என்று பொருள். இத்தகைய இருவர் முதலில் 9 ரேக் எடுப்பவர் வெற்றி என்று ஆடினால், வலிமை குறைந்தவருக்கு உள்ள வாய்ப்பு ஏறக்குறைய 8 விழுக்காடு. முதலில் 5 ரேக் என்று ஆடினால் அது 15 விழுக்காட்டை நெருங்குகிறது. தகுதிச்சுற்றுகள் நேரம் கருதிப் பெரும்பாலும் குறுகிய ஆட்டங்களாக நடத்தப்படுகின்றன. நீண்ட ஆட்டத்தில் மெல்லச் சூடேறி, பின்பாதியில் எதிராளியை முந்திப் பழகியவர் அங்கே தம் இயல்பான ஆட்டத்துக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறார். ஆதலால் முதல் ரேக்கிலிருந்தே முழுக் கூர்மையோடு ஆடும் பழக்கத்தைப் பயிற்சியிலேயே உண்டாக்கிக்கொள்வது இன்றியமையாதது.

இரண்டாம் முறை தோற்றால் மட்டுமே வெளியேறும் இரட்டை வெளியேற்ற முறையைத் தவறாகப் புரிந்துகொள்வதும் பரவலாகக் காணப்படுகிறது. 2022-இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நடந்த உலக நைன்-பால் சாம்பியன்ஷிப்பில் 128 பேர் ஆடினர். 64 பேராகக் குறையும்வரை இரட்டை வெளியேற்றமும், அதற்குப் பிறகு ஒரே தோல்வியில் வெளியேறும் முறையும் பின்பற்றப்பட்டன. இப்படிப்பட்ட அமைப்பில் முதற்கட்டத்தின் பொருள், இரண்டு தோல்விகளைச் சந்திக்குமுன் இரண்டு வெற்றிகளைப் பெற வேண்டும் என்பதே. முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கும் கதவு மூடுவதில்லை. அடுத்த இரண்டையும் வென்றால் அவரும் 64 பேருள் ஒருவராகிறார். இதை அறியாமல், முதல் தோல்விக்குப் பின் சோர்ந்து, தோற்றோர் பிரிவின் ஆட்டத்துக்கு உரிய நேரத்தில் வராமல் இடத்தை இழப்பது மன்னிக்க இயலாத தவறு என்றே நான் கருதுகிறேன். இரட்டை வெளியேற்றம் முடிந்தது தெரியாமல், இன்னுமொரு வாய்ப்பு இருக்கிறது என்ற நினைப்போடு அடுத்த கட்டத்தில் துணிச்சலான அடிகளை முயல்வதும் அதற்குச் சற்றும் குறையாத பிழை.

லீக் வழியாகச் செல்லும் அணிகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷனில், ஓர் ஆட்டத்தில் களமிறங்கும் ஐந்து பேரின் திறன்நிலைகளை (ஒவ்வொருவரின் வலிமைக்கேற்ப லீக் தரும் எண்களை) கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது என்பது அடிப்படை விதி. பருவத்தின் நடுவில் இருவரின் நிலை உயர்ந்துவிட்டால், அதுவரை இயல்பாக அமைந்த ஐவர் கூட்டணி திடீரென அமையாது. நிலை குறைந்த ஒருவரையேனும் தொடக்கத்திலிருந்தே அணியில் வைத்து ஆடப் பழக்காத தலைவர், மண்டலச் சுற்று வரும்போது வழியின்றித் தவிப்பார். இதைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே மோசமாக ஆடித் திறன்நிலையைத் தாழ்வாக வைத்திருப்பது தவறு மட்டுமன்று, நேர்மையுடன் ஆடும் எதிரணிக்கு இழைக்கும் அநீதி. அது வெளிப்பட்டால் அணியே தகுதி இழக்கக்கூடும். லீக்கில் குறைந்தபட்சம் இத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்ற விதியை ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித்தனியே சரிபார்ப்பதும் தலைவரின் கடமை.

மருந்து விஷயத்தில் அறியாமை மிகவும் ஆபத்தானது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் பட்டியலில், பில்லியர்ட்ஸ் வகை விளையாட்டுகள் அனைத்திலும் போட்டிக் காலத்தில் பீட்டா பிளாக்கர் மருந்துகள் தடை செய்யப்பட்டுள்ளன. அவை இதயத் துடிப்பைக் குறைத்து, கை நடுக்கத்தைத் தணிப்பதே காரணம். உயர் இரத்த அழுத்தத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் ப்ரோப்ரனலால் இவ்வகையைச் சேர்ந்தது. கண் அழுத்த நோய்க்கான சில சொட்டு மருந்துகளிலும் இவ்வகை மருந்து உண்டு. மருத்துவச் சீட்டு கையில் இருப்பது மட்டும் போதாது. சிகிச்சைக்கான விலக்கு அனுமதியை முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்காக மருந்தைத் தாமாகவே திடீரென்று நிறுத்துவது உடலுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கலாம் என்பதால், மருத்துவரிடம் கலந்து பேசியே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இளையோர் பிரிவில் வயதைக் கணக்கிடும் நாளைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. போட்டி நடக்கும் நாளில் உள்ள வயது ஒன்று, விதியில் குறிக்கப்பட்ட நாளில் உள்ள வயது வேறொன்றாக இருக்கலாம். இளையவர் இளையோர் பிரிவில் மட்டுமே ஆட வேண்டும் என்று எண்ணிப் பொதுப்பிரிவுத் தேர்வைத் தவிர்ப்பதும் தேவையற்ற தயக்கம். தைவானின் வூ சியா-சிங் 2005-இல் உலக நைன்-பால் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 16.

கருவிகளிலும் சிறு கவனம் வேண்டும். உலகச் சங்கத்தின் விதிப்படி, வெள்ளைப் பந்தைத் துள்ளச் செய்ய உதவும் ஜம்ப் கியூ உட்பட எந்தக் கியூவும் 40 அங்குலத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது. வழக்கமாக ஆடும் மேசையில் பாக்கெட் எனும் குழியின் வாய் அகலமாக இருந்தால், நான்கு அங்குலப் பாக்கெட் வைத்த மேசைக்குச் செல்லும்போது விளிம்பில் பட்டு உள்ளே விழுந்த பந்துகள் எல்லாம் வெளியே நிற்கும். தகுதிச்சுற்று நடக்கும் மேசையின் அளவைக் கேட்டறிந்து, சில வாரங்களேனும் அதே அளவில் பயிற்சி செய்வது அவசியம். ஒவ்வோர் அடிக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டா, பிரேக்கில் எத்தனை பந்துகள் மேசையின் விளிம்பான குஷனைத் தொட வேண்டும், அடுத்த ரேக்கின் பிரேக் வென்றவருக்கா அல்லது மாறி மாறியா என்பவையும் போட்டிக்குப் போட்டி மாறுபவை.

கடைசியாக, இடம் கிடைத்த பின் இழப்பது. உறுதிப்படுத்தும் கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் பதில் அனுப்பாமை, கடவுச்சீட்டு காலாவதியாகும் நிலையில் இருத்தல், விசாவுக்குத் தேவையான அழைப்புக் கடிதத்தைத் தாமதமாகக் கேட்டல் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் சிலரைப் பட்டியலிலிருந்து நீக்குகின்றன. அப்படிக் காலியாகும் இடத்தைத் தம் நண்பருக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதும் பிழை. அது வழக்கமாகக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்கே செல்லும். நூலிழையில் தகுதியைத் தவறவிட்டவர் அந்தப் பட்டியலில் தம் பெயர் உள்ளதா என்று கேட்டு, கடவுச்சீட்டையும் பயணப் பணத்தையும் தயாராக வைத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தால், விடையளிக்க அவருக்குக் கிடைப்பது சில நாட்கள் மட்டுமே.