லோவர் ஆர்ம் மாற்றுவது: கடைசி இறுக்கு, பாரம் ஏறிய பிறகு

குழியில் இறங்கினால் ‘டொக்’ என்று சத்தம், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பு, முன் டயர் ஓரம் மட்டும் தேய்வு. இவை சேர்ந்து வந்தால் லோவர் ஆர்மை, அதாவது முன் சில்லைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையைப் பாருங்கள். தோட்டத்து ரோட்டில் இடப்பக்க ஆர்ம்தான் அதிகம் அடிபடும். எதிரே லொறி வந்தால் கானோரம் இறங்குவது அந்தச் சில்லுத்தானே. ஆர்ம் சட்டத்தில் பூட்டும் இடத்திலுள்ள புஷ் ரப்பர் வெடித்திருக்கிறதா, லீவரால் நெம்பினால் சில்லுப் பக்கத்து உருண்டை மூட்டான போல் ஜொயின்ட் ஆடுகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

சமதரை வேண்டும். நுவரெலியா, அட்டன் பக்கம் அதைத் தேடுவதே பாதி வேலை. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சில்லு நட்டுகளைத் தரையிலேயே இளக்கிவிட்டுத் தூக்குங்கள். ஈர மண்ணென்றால் காரைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது.

பனியிலும் மழையிலும் நின்ற காரின் போல்ட் லேசில் அசையாது. முதல்நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு) ஆர்மில் பூட்டியிருந்தால் அதைக் கழற்றுங்கள். போல் ஜொயின்ட், சில்லைத் தாங்கும் நக்கிளில் கிளாம்ப் போல்ட்டால் பிடித்திருந்தால், அந்தப் போல்ட்டை முழுதாக உருவவேண்டும். தண்டில் உள்ள பள்ளத்தில் அது மாட்டியிருக்கும், இளக்கினால் மட்டும் வராது. கோட்டை நட் (கோட்டை மதில்போல் மேலே வெட்டுள்ள நட்) உள்ளதென்றால் அது சுழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டை நுனிவரை இளக்கி, நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் அடியுங்கள். மரையில் அடித்தால் பாகம் வீண். விடுபட்ட நக்கிளை வெளியே இழுக்காதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜொயின்ட் கழன்றுவிடும், பிரேக் ஹோசும் இழுபடும். பிறகு ஆர்மைச் சப் பிரேமில், அதாவது அடிச்சட்டத்தில், பிடித்திருக்கும் போல்ட்டுகள். சில ஆட்டோ கியர் கார்களில் இடப்பக்க முன் போல்ட் கியர் பெட்டியில் முட்டும்; எஞ்சினைத் தாங்கும் மவுண்டைக் கழற்றி எஞ்சினைச் சற்றுத் தூக்காமல் அது வெளியே வராது.

புது ஆர்மைப் பழையதோடு ஒட்டிவைத்து நீளம், வளைவு, துளை எல்லாம் ஒப்பிடுங்கள். புஷ் இறுக்கமாக இருந்தால் சவர்க்காரத் தண்ணீர் போதும். கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். எல்லாப் போல்ட்டையும் கையால் ஏற்றி, போல் ஜொயின்ட்டை மட்டும் முழுதாக இறுக்குங்கள். கோட்டை நட்டில் துளை நேர்ப்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கியே நேராக்கவேண்டும், பின்னால் திருப்பக்கூடாது. ஸ்ப்ளிட் பின் புதிதாகவே இருக்கட்டும்.

சப் பிரேம் பக்கத்துப் புஷ் போல்ட்டுகளைச் சில்லு தொங்கும்போது இறுக்கினால், ரப்பர் அந்த நிலையிலேயே கவ்விக்கொள்ளும். கார் தரையில் இறங்கியதும் அது முறுகியபடியே கிடந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். ‘புது ஆர்ம் போட்டும் போய்விட்டது’ என்ற புலம்பலில் பாதி இதனால்தான். பழி மட்டும் பாகத்தின் தலையில். அதனால் போல் ஜொயின்ட்டுக்குக் கீழே ஜெக் வைத்து, ஸ்டாண்டிலிருந்து கார் ஒரு நூலளவு எழும்வரை தூக்குங்கள். ஸ்டாண்ட் அங்கேயே இருக்கட்டும். இப்போது மனுவலில் உள்ள அளவுக்கு டோர்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளக்கும் சாவி) இறுக்குங்கள்.

சில்லு நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி இறுக்கவேண்டும். கொரோலாவுக்கு 103 நியூட்டன் மீற்றர். றம்பொடை மலைப்பாதையில் இறங்குமுன் வீல் அலைன்மென்ட், அதாவது சில்லுகளின் கோணம், பார்த்துவிடுங்கள். சுமார் 100 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் மறுபடி சரிபாருங்கள். சின்னக் குழிகளில் மட்டும் இன்னும் ‘டக் டக்’ என்றால் ஆர்மை மறுபடி கழற்றாதீர்கள். ஸ்டெபிலைசர் லிங்கைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.